கொளுத்தாமல் கறுத்த திரி

கடல் வந்த காலையில் என் மகளை நான் தலைமுடியைப் பிடித்துத்தான் இழுத்தெடுத்தேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது. என் ஒரு கை தென்னையில், மற்றக் கை அவள் முடியில். அவளுக்கு இளையவன் நாலு வயது. அவனைப் பிடிக்க எனக்கு மூன்றாவது கை இருக்கவில்லை. அந்தக் காலையைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் ஏலாது.

தண்ணீர் வடிந்ததும் அவளைக் குப்புறப் போட்டு முதுகில் குத்தினேன். வாயாலும் மூக்காலும் கறுத்த சேறு வந்தது. பாதிதான் வந்தது, மிச்சம் உள்ளே தங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பும்போது டொக்டர் சொன்னார்: "நெஞ்சு பழுதாப் போச்சு அம்மா. இனி இந்தப் பிள்ளையத் தூசியிலயும் புகையிலயும் விடாதீங்க." நான் தலையாட்டினேன். தூசி என்றால் விளக்குமாற்றால் கூட்டினால் போவது, புகை என்றால் அடுப்பில் எழும்புவது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. தாய் மகளுக்குக் கொடுப்பாள், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பான். என் வீடும் என் தாய் தந்ததுதான். அது நின்ற இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் மிஞ்சியது. அதனால் புருஷனுடைய அக்கா வீட்டில் போய் ஒண்டவேண்டி வந்தது. இன்னொருத்தியின் வீட்டில் உலை வைப்பதைப்போலக் கூச்சம் வேறில்லை.

அவ எனக்கு மச்சாள். புருஷனை இழந்தவ, பிள்ளை இல்லை. சித்தாண்டியிலிருந்து மட்டக்களப்புக்குப் போகிற பெரிய றோட்டின் ஓரத்தில் அவவின் வீடு. வாசலில் இறங்கி எட்டு அடி வைத்தால் தார். பின்பக்கம் வயல் வட்டை, வட்டை முடிய வாவி. நாங்கள் ஒரு பாயும் ஒரு வாளியுமாகப் போய் இறங்கியபோது அவ இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தா.

"வா கா. கடலே வேணாமெண்டு துப்பின ஆக்கள், நான் பொறுக்கி எடுக்காட்டி ஆர் எடுக்கிற?"

அதுதான் அவவின் பாசம். அதை விளங்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

றோட்டு வீடு என்பதில் அவவுக்குச் சரியான பெருமை. அரிசி லொறி, கூடார லொறி, கல் லொறி, மண் லொறி, கிறவல் ஏற்றிய டிப்பர், எல்லாம் அந்த வழியேதான் போகும். "பாரு புள்ள, உலகமே நம்மட வாசலால போகுது" என்பா. எங்களுக்கும் உலகத்துக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு அடர்ந்த கிளுவை வேலியும், மச்சாளின் புருஷன் நட்ட இரண்டு பூவரசும், ஒரு வேம்பும் நின்றன. இலையெல்லாம் சாம்பல் பூசியதுபோல இருக்கும். மழை பெய்தால் இலையிலிருந்து கறுப்பாக வடியும். மகள் இடைக்கிடை இருமினாள், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போனாள்.

பிறகு சண்டை திரும்பவும் தொடங்கியது. எங்கள் வாசலுக்கு ஐம்பது அடி தள்ளி ஆமிக்காரர் மண் மூட்டை அடுக்கி ஒரு காவல் சென்றி போட்டார்கள். ஒரு வாரத்தில் கட்டளை வந்தது: றோட்டோரம் மரம் நிற்கக்கூடாது, வேலி நிற்கக்கூடாது, றோட்டைப் பார்த்த யன்னல் எதுவும் மூடியிருக்கக்கூடாது. ஆள் ஒளிக்கலாமாம். வெட்டுவதற்கு அவர்கள் வரவில்லை. எங்களையே வெட்டச் சொன்னார்கள். என் புருஷன் கோடாலி எடுத்தார், முதுகுக்குப் பின்னால் ஒருவன் துவக்கோடு நின்றான். ஒவ்வொரு வெட்டுக்கும் மச்சாள் கத்தினா.

"வெட்டு தம்பி, வெட்டு! உன்ர மச்சான் நட்ட மரம். மறுகா என்ர கழுத்தையும் வெட்டு. றோட்டு நல்லாத் தெரியட்டும் அவனுகளுக்கு!"

துவக்கோடு நின்றவனுக்குத் தமிழ் தெரியாது. குரல் விளங்கியது. வாசலில் இருந்த தண்ணீர்ப் பானையைச் சப்பாத்துக் காலால் உதைத்தான். பானை நாலாய்ப் பிளந்தது. புருஷன் திரும்பிப் பார்க்காமல் வெட்டினார். பின்னேரம் வீடு உரித்த கோழிபோல நின்றது.

அடுத்த நாளிலிருந்து வாகனங்கள் எங்கள் வாசலில் வரிசை கட்டின. சென்றியில் ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். சனம் இறங்கி அடையாள அட்டையோடு நடக்கும், லொறியும் பஸ்ஸும் ஆமைபோல நகரும். காலை தொடங்கினால் பொழுது படுகிறவரைக்கும் அதுதான். ஒரு சாரதியும் என்ஜினை நிறுத்தமாட்டான். நிறுத்தினால் பழைய லொறி திரும்ப எழும்பாது. அதை விடவும் பயம்: சுடத் தொடங்கினால் ஓடவேண்டும், ஓடுவதற்கு என்ஜின் உயிரோடு இருக்கவேண்டும். ஒருநாள் என் புருஷன் ஒரு டிப்பர்காரனிடம் போய், "தம்பி, உள்ளுக்கு வருத்தக்காரப் புள்ள இரிக்கி, கொஞ்சம் நிப்பாட்டன்" என்று கேட்டார். அவன் அழுகிற முகத்தோடு, "அண்ண, எனக்கும் வீட்டில புள்ள இரிக்கி" என்றான்.

வீட்டுச் சுவர் நாள் முழுக்க நடுங்கியது. புகைக் குழாய்கள் எங்கள் யன்னலின் உயரத்துக்கே இருந்தன. கட்டளைப்படி யன்னல் திறந்தபடி. சோற்றில் கரி, உப்பில் கரி, காயப்போட்ட சட்டையில் கரி. அடுப்புக் கரி ஊதினால் பறக்கும். இது பறக்காது. விரலில் எடுத்தால் எண்ணெய் மாதிரி அப்பிக்கொள்ளும்.

மகளுக்கு மூச்சு முட்டு தொடங்கியது. வந்தால் கழுத்து நரம்பு கயிறுபோல எழும்பும், நெஞ்சுக்குழி உள்ளே போகும், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி வாயைத் திறந்தபடி என்னைப் பார்ப்பாள். தண்ணீருக்குள் இருந்து பார்த்த அதே பார்வை. அந்தப் பார்வை வரும்போதெல்லாம் நான் ஏதாவது செய்தாகவேண்டும். செய்தேன். எல்லாவற்றையும் பிழையாகச் செய்தேன்.

வெளியே தூசி என்று அவளைப் பள்ளிக்கூடத்துக்கும் விடாமல் முன்னறையில் இருத்திவைத்தேன். வீட்டிலேயே கரி கூடிய அறை அதுதான். காய்ந்த விளக்குமாற்றால் ஒரு நாளைக்கு மூன்று தரம் கூட்டினேன். படிந்து கிடந்ததெல்லாம் எழும்பி அவளிடம் போனது. டீசல் நாற்றம் போகவேண்டுமென்று தணலில் சாம்பிராணியும் வேப்பிலையும் போட்டுப் படுக்கையைச் சுற்றிப் புகை காட்டினேன். முட்டு கூடியது. கூடக் கூடச் சாம்பிராணியையும் கூட்டினேன். "அம்மா, வேணாம், காணும்" என்று அவள் விரலால் காட்டுவாள். "இரு மனே, நல்லது" என்று சொல்லி நான் ஊதுவேன்.

பொழுது படுகையில் மச்சாள் விளக்கு வைப்பா. அந்த நேரம் வாசல் கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்திருக்கவேண்டும், லட்சுமி வருகிற நேரம். சென்றி மூட முன்னம் போய்விட வேண்டுமென்று எல்லா லொறியும் முட்டிமோதி உறுமுகிற நேரமும் அதுதான். அந்த அரை மணித்தியாலத்தில் முன்னறை அடுப்புப் புகைக்கூடுபோல ஆகும். நடுவில் மகள் கைகூப்பிச் சப்பணம் கட்டி இருப்பாள்.

திரி திரிக்கிறது என் வேலை. மச்சாளின் புருஷனுடைய பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்துக் காலையிலேயே திரித்து, பித்தளைத் தட்டில் முன் யன்னலில் வைப்பேன். ஒருநாள் பின்னேரம் எண்ணெய் ஊற்றிவிட்டுத் திரியை எடுத்தேன். கறுத்திருந்தது. இன்னும் கொளுத்தவில்லை. எரிந்து முடிந்த திரியை எடுத்துவிட்டேனோ என்று பார்த்தேன். இல்லை, காலையில் திரித்ததுதான்.

"மச்சாள், இஞ்ச பாருங்க."

"எலி கிலி புரட்டியிரிக்கும் கா. வேற திரி போடு."

அடுத்த நாள் மூன்று திரி திரித்தேன். ஒன்றை முன் யன்னலில் வைத்தேன். ஒன்று நடு அறையில். ஒன்று பின் வாசலில், வட்டையைப் பார்த்த பக்கம். பொழுதுபட எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதலாவது கறுப்பு. நடுவில் வைத்தது சாம்பல் நிறம். மற்றது வெள்ளைதான், கொஞ்சம் மங்கல். ஒரு பகலில் துணிக்கு இது. அவள் நெஞ்சுக்குள் எத்தனை பகல்?

புருஷனிடம் காட்டினேன். அவர் களைத்திருந்தார். "ஒரு துண்டுத் திரிக்காக றோட்டத் தூக்கி அங்கால வைக்கச் சொல்லுறியா? ஆரிட்டப் போய்ச் சொல்லுற, சென்றிக்காரனிட்டயா?" என்றார். மச்சாளிடம் கதவைப் பற்றிப் பேச எனக்கு வாய் எழும்பவில்லை. அவவின் வீடு, அவவின் கதவு, அவவின் சோறு. திரிகளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். அப்போதே பேசியிருக்கவேண்டும்.

ஒருநாள் நடுப்பகல் வரிசைக்குள் வெடித்தது. யார் வைத்தது, யாருக்கு வைத்தது என்று நான் எழுதப் போவதில்லை. சத்தம் காதில் கேட்கவில்லை, வயிற்றில்தான் கேட்டது. முன் ஓடு முழுக்க அறைக்குள் கொட்டியது. ஒரு பஸ்ஸும் அதற்குப் பின்னால் நின்ற டிப்பரும் பற்றி எரிந்தன. எங்கள் படியில் ஒரு செருப்பு வந்து விழுந்தது. அதற்குள் கால் இருந்தது. சென்றியிலிருந்து நாலு பக்கமும் சுட்டார்கள். டயரும் டீசலும் எரிகிற புகை ஆள்போல வாசலால் உள்ளே வந்தது. என் கையே எனக்குத் தெரியவில்லை. மகள் முட்டு இழுக்கவில்லை. முட்டு இழுத்தால் சத்தம் வரும். அவளிடமிருந்து சத்தமே வரவில்லை.

புருஷனை வாசலில் பிடித்து இழுத்துப்போனார்கள். றோட்டில் முழங்காலில் இருத்தித் துவக்குப் பிடியால் விலாவில் அடிக்கிறது தெரிந்தது. அவர் என்னைப் பார்த்துப் பின்பக்கம் கண்ணைக் காட்டினார். பன்னிரண்டு வயதில் முடியைப் பிடித்து இழுத்தவளைப் பதினாலு வயதில் முதுகில் போட்டுக்கொண்டு பின் கதவால் ஓடினேன். வட்டையில் கதிர் இடுப்பளவு. குண்டு கதிரை வெட்டிக்கொண்டு போனது. மச்சாள் வரவில்லை. "என்ர தம்பிய விட்டுட்டு நான் எங்க வாற?" என்று கத்தியது மட்டும் கேட்டது.

வாவிக் கரையில் இறால் வலை கட்டுகிற ஒரு வயசாளி தோணியைத் தள்ளிக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும், "ஏறு தங்கச்சி, குனிஞ்சு படு" என்றார். ஏறிப் படுத்து மகளை நெஞ்சில் போட்டுக்கொண்டேன். அவள் உதடு நாவல்பழம் தின்றதுபோல இருந்தது. அவர் கம்பை ஊன்றி ஊன்றி நடு வாவிக்குக் கொண்டுபோனார். திரும்பிப் பார்த்தால் கரையில் கறுப்புப் புகைத் தூண் ஒன்று நின்றது. எங்கள் பக்கம் சுத்தக் காற்று.

அங்கேதான் அவள் முதலில் மூச்சு இழுத்தாள். ஒரு தரம், விட்டு இன்னொரு தரம். பிறகு இருமி இருமி என் சட்டையில் துப்பினாள். கறுப்பாக. ஆஸ்பத்திரி இன்னும் வெகுதூரம், மருந்து இல்லை, ஒன்றுமில்லை. ஆனாலும் உதட்டில் நிறம் வந்தது. "அம்மா, மீன் துள்ளுது" என்றாள். வயசாளி, "வாவிக் காத்து தங்கச்சி, சும்மாதானே கிடக்கு, குடிக்கட்டும்" என்றார். நான் வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. இரண்டு வருஷமாக அவளைக் கொன்றுகொண்டிருந்தது எந்த வீடு, எந்த அறை, யார் கை என்று அந்தத் தண்ணீரில் எனக்கு விளங்கியது.

ஆஸ்பத்திரியில் பெண் டொக்டர் ஒருவர் முகமூடி வைத்து மருந்து ஆவி கொடுத்தார். வீடு எங்கே என்று கேட்டார். சொன்னேன். "நிக்கிற லொறிக்குப் பக்கத்திலயா?" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஓடுற வாகனத்த விட நிண்டு உறுமுறது மோசம் அம்மா. அந்தப் புகையில கண்ணுக்குத் தெரியாத கரிப்பொடி இரிக்கி. மூக்கு மயிர் மறிக்காது, இருமினாலும் வராது, நெஞ்சின்ர அடிக்கே போயிடும். உள்ளுக்கு இருந்தா வராதெண்டு நினைக்காதீங்க. றோட்டுப் பக்கத்து வீட்டுக்குள்ளயும் அதுதான் நிறைஞ்சு கிடக்கும்." எழுதிக்கொண்டே கேட்டார்: "சாம்பிராணி போடுறனீங்களா?"

"ஓம்."

"எப்ப?"

"முட்டு வரக்குள்ள."

அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். போக வேறு இடமில்லை. வாவிக்கு அங்கால் படுவான்கரையில், வவுணதீவுப் பக்கம், ஷெல் விழுந்துகொண்டிருந்தது. அங்கேயிருந்த சனமே மூட்டையோடு இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. புருஷனை அடித்துப்போட்டு விட்டிருந்தார்கள். பாயில் கிடந்தார், மூன்று விலா போயிருந்தது. மச்சாள் படியில் இருந்த இரத்தத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தா. எரிந்த பஸ்ஸை ஓரத்தில் தள்ளிவிட்டு வரிசை மீண்டும் உறுமிக்கொண்டு நின்றது. பொழுதுபட்டதும் மச்சாள் கதவை விரியத் திறந்தா.

"மச்சாள், கதவச் சாத்துங்க" என்றேன். அந்த வீட்டில் நான் கேட்ட முதலாவது விஷயம்.

"விளக்கு வைக்கக்குள்ள கதவச் சாத்திறதா? வந்த கேடு காணாதா? இன்னும் மூதேவியையும் கூப்பிடப்போறியா?"

நான் சாத்தினேன், அவ திறந்தா. அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் மகளுக்கு முட்டுத் தொடங்கிவிட்டது. நான் கதவைச் சாத்தி, குறுக்கே போடுகிற கட்டையைக் கையில் எடுத்தபடி நின்றேன். மச்சாள் என்னைத் தள்ளிவிட்டுக் கதவில் கைவைத்தா. "என்ர வீடு கா இது! ஒன்ட வீட்டக் கடல் கொண்டு போட்டுது!" என்றா.

கட்டையால் அவவின் கையில் அடித்தேன்.

மணிக்கட்டு முறிந்த சத்தம் லொறி உறுமலுக்கு மேலால் கேட்டது. விளக்கு சரிந்து எண்ணெய் கொட்டியது. அவ கையைப் பார்த்தா. நான் இரண்டாம் தரமும் ஓங்கினேன். அது தலைக்கு ஓங்கினது. ஓங்கினேன் என்பதை எழுதாவிட்டால் நான் பொய்க்காரி. மகள் மூச்சில்லாமல் தவழ்ந்து வந்து என் காலைப் பிடித்ததால்தான் நின்றேன். கடல் அடித்தது, துவக்குப் பிடி அடித்தது, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்த நான் அடித்த ஒரே ஆள், எங்களுக்குச் சோறு போட்டவ.

முறிவு கட்டுகிற பரியாரி வந்து கேட்டபோது மச்சாள், "எண்ணெயில வழுக்கி விழுந்துட்டன்" என்றா. அவர் போன பிறகு என்னைக் கூப்பிட்டா.

"சொல்லியிருப்பன் கா. தம்பி பாயில கிடக்கிறான், உன்னையும் ஆரும் கொண்டுபோனா இந்தப் புள்ளய ஆர் பாக்கிற, ஒத்தக் கையோட நானா?" பிறகு மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னா: "உனக்கு வாய் இல்லையெண்டு நினைச்சன். கை இரிக்கி."

நான் பெட்டியிலிருந்து மூன்று திரியையும் எடுத்து அவவின் மடியில் வைத்தேன். எந்தத் திரி எங்கே இருந்தது என்று சொன்னேன். டொக்டர் சொன்னதையும் சொன்னேன். அவ நல்ல கையால் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தா. கறுத்த திரியை மூக்கருகே கொண்டுபோய் மணந்தா. அடுத்த நாள் விளக்கைத் தானே தூக்கிக்கொண்டுபோய்ப் பின் வாசலில், வட்டையைப் பார்த்து வைத்தா. "லட்சுமி வயலாலதான் வரட்டும். றோட்டால வந்தா அவவுக்கும் முட்டு வரும்" என்றா. எனக்குச் சிரிக்கவும் பயம்.

பின் வாசலில் விளக்கு எரிந்தால் வாவிக்கு அங்கால் தெரியும். அங்கால் இயக்கத்தின் இடம். அந்த நாட்களில் விளக்குக்குச் சைகை என்று பொருள். எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை. விளக்கு வைத்த மூன்றாம் நாள் மங்கல் பொழுதில் சென்றியிலிருந்து நாலு பேர் பின்பக்கத்தால் வந்தார்கள். முதல் வந்தவன் விளக்கை உதைத்தான். கொதி எண்ணெய் என் காலில் பட்டது. பாயில் கிடந்த புருஷனை எழுப்பி, முறிந்த விலாவிலேயே குத்தினார்கள். "யாருக்கு லைட்? அந்தப் பக்கம் யாருக்கு?" என்று தமிழ் கொஞ்சம் தெரிந்த ஒருவன் கேட்டான். நான் வாயைத் திறக்க முன்னம் துவக்குப் பிடியால் என் காதோடு சேர்த்து அடித்தான். அந்தக் காது இன்றைக்கும் கேட்காது.

மச்சாள்தான் முன்னே போனா. கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கொண்டு, மற்றக் கையில் திரித் தட்டு. சந்தையில் பழகிய அரைகுறைச் சிங்களத்தில், றோட்டைக் காட்டி, மகளின் நெஞ்சைக் காட்டி, திரியைக் காட்டிப் பேசினா. அவர்களில் நரைத்த மீசைக்காரன் ஒருவன் கறுத்த திரியை எடுத்துப் பார்த்தான். அவனும் காலையிலிருந்து அந்த வரிசையில்தான் நிற்கிறவன். சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்து, துடைத்த இடத்தைப் பார்த்தான். பிறகு லேஞ்சியை மடித்து வைத்துவிட்டு, மச்சாளின் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். "உள்ளே வை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

உள்ளேதான் வைத்தோம், பின்னறையில். வாசல் கதவு சாத்தியே இருந்தது. யன்னலைத் திறந்து வைத்து ஈரச் சாக்கைத் தொங்கவிட்டோம். ஏனோ அதை விட்டுவிட்டார்கள். கூட்டுவதை நிறுத்தி ஈரத்துணியால் துடைத்தேன். சாம்பிராணியைக் கொண்டுபோய் வட்டையில் எறிந்தேன். அடுப்பையும் வெளியே மாமரத்துக்குக் கீழ் மாற்றினேன். முட்டு நிற்கவில்லை. ஆனால் உதடு நீலம் பாரிக்கவில்லை.

யுத்தம் முடிந்த அன்று றோட்டில் வெடி கொளுத்திக்கொண்டு வாகனங்கள் போயின. நாங்கள் கட்டிலுக்குக் கீழே கிடந்தோம். கொஞ்ச நாளில் மண் மூட்டை போனது. பிறகு இயந்திரங்கள் வந்து றோட்டை அகலமாக்கின. எட்டு அடி நாலு அடியானது. தூரத்து ஊர் பஸ், வான், கார் என்று சண்டைக் காலத்தை விட நூறு மடங்கு வாகனம் ஓடியது. ஒருவரும் மறிக்கவில்லை, ஊருக்கே சந்தோஷம். மச்சாளுக்கு முறிந்த கை கோணலாகப் பொருந்தியிருந்தது. அந்தக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவா: "இனிப் பாரு, றோட்டுக் காணி பொன். இத என்ர மருமகளுக்குத்தான் எழுதப்போறன்."

மகளுக்குப் பதினெட்டு வயதானபோது ஒரு கலியாணப் பேச்சு வந்தது. நல்ல பொடியன், மகளுக்கும் பிடித்திருந்தது. முன்னறையை உடைத்து போன் கடை போடுவதாகத் திட்டம், வீடு எழுதித் தந்தால் சரி. அவர்கள் வந்து முன்னறையில் இருந்தார்கள். தேத்தண்ணிக் கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தேன். பொடியனின் தாய், "றோட்டு முகப்பு, கடைக்கெண்டே கட்டின வீடு" என்று சிரித்தா.

"இந்த வீட்ட என்ர மகளுக்கு எழுத வேணாம்" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புருஷன், "என்ன சொன்னாய்?" என்றார். திரும்பவும் சொன்னேன். அவர் எழும்பி வந்து ஆட்களுக்கு முன்னால் என் கன்னத்தில் அறைந்தார். கேட்கிற காதுப் பக்கம். வந்தவர்கள் கோப்பையைத் தொடாமல் போனார்கள். மச்சாள் வாசலில் நின்று றோட்டைப் பார்த்தா. "றோட்டுக் காணிய வேணாமெண்டு அடி வாங்கின முதலாவது பொம்பிள நீதான் கா" என்றா.

காணியின் அடித்தொங்கலில், வட்டையோடு ஒட்டின துண்டை அவ மகளுக்கு எழுதினா. ஒரு அறையும் ஒரு குசினியும் கட்டினோம். மச்சாளையும் கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றுவிட்டா. முன் வீட்டிலிருந்து அவ இருமுவது காற்றோடு சேர்ந்து வரும். அதற்கு நான் என்ன செய்ய?

புது வீட்டுக்குப் போன அன்று மகள் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. அடுத்த நாள் காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தவள் சட்டியைச் சுவரில் எறிந்தாள்.

"உங்களுக்கு இப்ப சந்தோஷமா? சொல்லுங்க அம்மா! அந்தப் பொடியன் வேற இடத்தில செய்யப் போறானாம். சேத்துக்க, நுளம்புக்க, ஒரு மனிசரும் எட்டிப் பாக்காத இடத்தில கொண்டாந்து போட்டிருக்கீங்க. கடலில இழுத்தீங்க, வட்டையில தூக்கினீங்க, எல்லாம் சரி, அதுக்காக நான் சாகுமட்டும் உங்கட மடியிலயா கிடக்கிற? பஸ்ஸுக்கு எவ்வளவு தூரம் நடக்கவேணும் தெரியுமா? மாமிட கைய முறிச்சீங்க, அப்பாட மானத்த வாங்கினீங்க, இப்ப என்ர கலியாணத்தையும் முறிச்சிட்டீங்க, இன்னும் என்னத்த முறிக்கப்போறீங்க?"

குனிந்து அரிசியைப் பொறுக்கிக்கொண்டே ஏசினாள். எழும்பி நின்று ஏசினாள். கிணற்றடிக்குப் போய் அங்கேயிருந்தும் ஏசினாள். நான் நல்ல காதைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டேன். எங்கேயும் நின்று மூச்சு இழுக்கவில்லை. கையை முழங்காலில் ஊன்றவில்லை.

"ஏன் சும்மா நிக்கிறீங்க? வாயத் திறந்து ஏதாவது சொல்லுங்களன்!"

"நீ சொல்லு மனே" என்றேன். "இன்னும் சொல்லு."